காளான் தின்னட்டும் என்று விட்டுவிடலாமா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பிளாஸ்டிக்கைத் தின்னும் காளான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்!" இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நாங்கள் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மதிய உணவு வேளையில் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் குப்பைக் கூடையருகே நின்று, "ஏனடி, இந்தப் பாலிதீன் உறையைக் கொண்டுவந்தாய்?" என்று கேட்டால் போதும், உடனே இந்தப் பதில் வந்துவிடும். சுற்றி நிற்போர் சிரிப்பர். கேட்டவள் வாயடைத்து நிற்பாள். ஏனெனில் அந்தச் செய்தி பொய்யன்று. செய்தித்தாளிலும் வந்தது, வீட்டில் அப்பாவின் கைபேசியிலும் வந்தது. உண்மையான ஒரு செய்தியைக் காட்டித் தவறான ஒரு செயலுக்கு நியாயம் தேடும்போது, அதை மறுத்துப் பேசக் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைத்தான் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் சிலர் சேர்ந்து மேற்கொண்டோம். படித்ததையும், படித்தபின் எங்களுக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

காளான் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது குடைபோல் நிற்கும் அந்த வெள்ளை உருவமே. இடி இடித்த மறுநாள் புற்றுக்காளான் முளைக்கும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. ஆனால் குடை என்பது அதற்குப் பழம் போன்ற ஒரு பகுதிதான். உண்மையான உயிர் மண்ணுக்கடியிலோ மரத்துக்குள்ளோ நூலினும் மெல்லிய இழைகளாகப் படர்ந்து கிடக்கிறது. குடையே விரிக்காத இனங்கள் ஏராளம். கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பின்மேல் பூக்கும் பூசணம், ஈரக்கை பட்ட ஊறுகாய் ஜாடியின் மேற்படலம், நான்கு நாள் சென்ற ரொட்டித் துண்டின் பச்சைப் புள்ளி எல்லாம் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இனி இக்கட்டுரையில் பூஞ்சை என்று பொதுப்பெயராலேயே குறிப்பிடுகிறோம்.

பூஞ்சைக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. நாம் உணவை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு செரிக்கிறோம். பூஞ்சையோ முதலில் செரித்துவிட்டுப் பிறகு உட்கொள்கிறது! தான் படர்ந்திருக்கும் பொருளின்மீது நொதிகளைச் சுரந்து, அதைச் சிறு சிறு மூலக்கூறுகளாக அறுத்து, கரைந்ததை இழைகளின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மட்குண்ணிகள் என்று பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கினோமே, அது இதுதான். மரத்துக்கு உறுதி தருகின்ற லிக்னின் என்னும் கடினமான பொருளைக்கூடச் சில பூஞ்சைகள் சிதைத்துவிடுகின்றன. அந்த ஆற்றல் அவற்றுக்கு ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாய்த்தது என்றும், அதன் பின்னரே பூமியில் நிலக்கரி படிவது குறைந்தது என்றும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. நிலக்கரி குறைந்ததற்குக் காரணம் வேறு என்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அது எப்படியாயினும், மரத்தையே தின்னக் கற்றுக்கொண்ட உயிர் பிளாஸ்டிக்கையும் தின்னக் கற்றுக்கொள்ளாதா என்று விஞ்ஞானிகள் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் மரத்தைப் பழகுவதற்கு அதற்குக் கிடைத்த அவகாசம் கோடிக்கணக்கான ஆண்டுகள். பாலிதீன் பை நம் வீடுகளுக்குள் நுழைந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

பிளாஸ்டிக் ஏன் எளிதில் மக்குவதில்லை? பாலிதீன் என்பது கரி அணுக்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியின் நடுவே வேறு அணு ஏதும் கிடையாது. நொதியை ஒரு கத்தரிக்கோல் என்று வைத்துக்கொண்டால், அது வாய் வைப்பதற்கு ஒரு முடிச்சு வேண்டும். பாலிதீனில் அந்த முடிச்சே இல்லை. நம் மெத்தை, சோபா, காலணியின் அடிப்பாகம் ஆகியவற்றில் உள்ள பாலியூரித்தேனிலோ ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த முடிச்சுகள் இடையிடையே உண்டு. ஆகையால் அது பூஞ்சைக்குச் சற்று எளிய உணவு. 'பிளாஸ்டிக்கைத் தின்னும் பூஞ்சை' என்று யாரேனும் சொன்னால், எந்தப் பிளாஸ்டிக் என்று உடனே திருப்பிக் கேட்க வேண்டும். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உலகப் புகழ் பெற்ற முதல் பூஞ்சை பெஸ்டலோட்டியாப்சிஸ் மைக்ரோஸ்போரா. (இந்தப் பெயரை ஒரே மூச்சில் பிழையின்றிச் சொல்பவளுக்குக் கடலை மிட்டாய் என்று பந்தயம் வைத்தோம். இருவரே வென்றனர்.) தென் அமெரிக்காவிலே ஈக்குவடார் நாட்டில் யசுனி என்றொரு மழைக்காடு இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பேராசிரியர் ஸ்காட் ஸ்ட்ரோபலுடன் அங்கே சென்று செடிகளின் தண்டுகளைச் சேகரித்து வந்தார்கள். செடிக்குத் தீங்கு செய்யாமல் செடிக்குள்ளேயே வாழும் பூஞ்சைகள் அத்தண்டுகளில் இருந்தன. பால்போல் வெளுத்த பாலியூரித்தேன் கலந்த ஊடகத்தில் அவற்றை வளர்த்துப் பார்த்தபோது, சிலவற்றைச் சுற்றி மட்டும் வெண்மை நீங்கித் தெளிந்தது. பூஞ்சை அந்தப் பிளாஸ்டிக்கை அறுக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 2011-இல் முடிவு வெளியாயிற்று. வேறு கரியுணவே இன்றிப் பாலியூரித்தேனை மட்டும் கொண்டு இந்தப் பூஞ்சை வளர்ந்தது. அதுவும் காற்றில்லாத நிலையிலும் வளர்ந்தது. குப்பைமேட்டின் அடியிலே காற்று ஏது? ஆகவேதான் உலகம் அதைக் கொண்டாடிற்று. எங்களைக் கவர்ந்தது வேறொன்று. அந்தக் காட்டுக்குள் தண்டு பறித்தவர்கள் தலை நரைத்த மேதைகள் அல்லர். எங்களைவிட ஆறேழு வயது மூத்திருக்கக்கூடிய கல்லூரிப் பிள்ளைகள்.

பின்னர் 2017-இல், பாகிஸ்தானின் இஸ்லாமாபாத் நகரக் குப்பைக் கிடங்கில் எடுத்த ஆஸ்பர்ஜில்லஸ் டியூபிஞ்சென்சிஸ் என்னும் பூஞ்சையும் பாலியூரித்தேனைச் சிதைக்கிறது என்று அறிவித்தார்கள். இடையே 2016-இல் ஜப்பானில், குளிர்பானப் புட்டி செய்யும் பிளாஸ்டிக்கைத் தின்னும் ஓர் உயிரைக் கண்டார்கள். அது பூஞ்சையன்று, பாக்டீரியா. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறவர்களைப் பார்த்து எங்கள் உயிரியல் ஆசிரியை முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். எனவே அதை இங்கேயே பிரித்து வைத்துவிடுகிறோம்.

தூர தேசத்துக் கதைகளைவிட எங்களைச் சிந்திக்க வைத்தது நம் தமிழ்நாட்டிலேயே, பரங்கிப்பேட்டையிலே நடந்த ஓர் ஆராய்ச்சி. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் அது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அம்மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன், அலையாத்திக் காட்டு மண்ணில் பாலிதீன் பைகளையும் பிளாஸ்டிக் குவளைகளையும் வைத்து, 2, 4, 6, 9 மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தார். முடிவு 2003-இல் வெளியாயிற்று. ஒன்பது மாதத்தில் பாலிதீன் பை சிதைந்தது அதிக அளவாக 4.21 சதவீதம். குவளை சிதைந்தது 0.25 சதவீதம். அதாவது 100 கிராம் பாலிதீனை அந்த மண்ணில் இட்டால், ஒன்பது மாதம் கழித்தும் 95 கிராமுக்கு மேல் அப்படியே இருக்கும்! குவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பைகளின்மேல் ஒட்டி வளர்ந்திருந்த உயிர்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் குடுவைக்குள் இட்டு, குலுக்கும் இயந்திரத்தில் வைத்து வளர்த்தார்கள். அவற்றுள் ஆஸ்பர்ஜில்லஸ் கிளாக்கஸ் என்னும் பூஞ்சை, ஒரே மாதத்தில் 28.80 சதவீதப் பாலிதீனைச் சிதைத்துவிட்டது. மண்ணில் ஒன்பது மாதத்தில் நாலு சதவீதம், குடுவையில் ஒரு மாதத்தில் ஏறத்தாழ இருபத்தொன்பது சதவீதம்! இத்தனைக்கும் பூஞ்சை அதே மண்ணிலிருந்து வந்ததுதான். எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு?

நாங்கள் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். குடுவைக்குள்ளே பூஞ்சைக்குப் போட்டி இல்லை. நீரும் உப்புச்சத்தும் வெப்பமும் அளவோடு கிடைக்கின்றன. குலுக்கிக்கொண்டே இருப்பதால் காற்றும் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலிதீனை விட்டால் வேறு கதியில்லை. சேற்றிலோ மட்கிய இலை உண்டு, வேர் உண்டு, இறந்த நண்டு உண்டு. அடுக்களையில் அம்மா மீன்குழம்பு வைத்திருக்கும்போது எந்தப் பிள்ளை காய்ந்த ரொட்டியைத் தேடிப் போகும்? பூஞ்சையும் அப்படித்தான். எளிதாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் கடினமானதை அது ஏன் கடிக்கப் போகிறது? "காளான் தின்றுவிடும்" என்று சொல்லி ஒருத்தி பள்ளி மதிலுக்கப்பால் வீசும் உறை குடுவைக்குள் போய் விழுவதில்லை. வாய்க்காலில்தான் விழுகிறது.

அண்மையில் நடந்த ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. 2023-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார், நம் சாப்பாட்டு டப்பாவும் புட்டி மூடியும் செய்யப்படும் பாலிபுரொப்பிலீனை இரண்டு பூஞ்சைகளுக்குக் கொடுத்தனர். 30 நாளில் 21 சதவீதம் குறைந்தது. 90 நாளிலோ 25 முதல் 27 சதவீதம்தான். முதல் மாதம் இருந்த பசி பின்னர் மந்தித்துவிட்டது போலும்! மேலும், அந்தப் பிளாஸ்டிக்கை அப்படியே கொடுத்துவிடவில்லை. புறஊதா ஒளியாலோ வெப்பத்தாலோ முதலில் பதப்படுத்திக் கொடுத்தார்கள். குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவதைப் போல என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அது சரியான உவமை என்றே நினைக்கிறோம். ஒளி பட்ட சங்கிலியில் ஆக்சிஜன் ஏறி, முன்னே நாம் சொன்ன முடிச்சுகள் உண்டாகின்றன. கத்தரிக்கோல் அதன் பிறகே வேலை செய்கிறது.

2024-இல் நெதர்லாந்து நாட்டுக் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், வட பசிபிக் கடலில் குப்பை சுழன்று கிடக்கும் பகுதியிலிருந்து எடுத்த பாரன்ஜியோடோன்டியம் ஆல்பம் என்னும் பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். அதுவும் வெயில்போன்ற புறஊதா ஒளி பட்ட பாலிதீனையே சிதைக்கிறது. வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 சதவீதம். இதை நாங்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஒரு கிலோ பாலிதீனில் ஒரு நாளைக்கு அரை கிராம். நாள்தோறும் அதே அரை கிராம் போனாலும், முழுவதும் தீர 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு. அதற்குள் நாங்கள் கல்லூரிப் படிப்பை முடித்துவிடுவோம்! இவர்கள் செய்த மற்றொரு காரியம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. எடை குறைந்தது என்பதனாலேயே பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்ல முடியாதல்லவா? பிளாஸ்டிக் தூளாக உதிர்ந்தும் போயிருக்கலாம். ஆகவே அவர்கள் எடையைக் குறிவைத்த கரி அணுக்களால் ஆன பாலிதீனைக் கொடுத்து, அந்த அணுக்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியே வந்தது. ஆக, பூஞ்சை எதையும் மாயமாக மறையச் செய்துவிடவில்லை. நாம் மூச்சு விடுவதைப்போல் அதுவும் விடுகிறது, அவ்வளவுதான்.

இனி மறுபக்கத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு வரை உலகில் உண்டாக்கப்பட்ட பிளாஸ்டிக் மொத்தம் 830 கோடி டன் என்று 2017-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் கணக்கிட்டார்கள். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அக்குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. ஒரு தட்டில் 630 கோடி டன், மற்றொரு தட்டில் நாளுக்கு அரை கிராம் தின்னும் பூஞ்சை. இந்தத் தராசைப் பார்த்த பிறகும் "காளான் தின்றுவிடும்" என்று ஒருத்தி சொல்வாளானால், அவள் விஞ்ஞானத்தை நம்பவில்லை, விஞ்ஞானத்தின் பெயரால் சோம்பலை வளர்க்கிறாள் என்றே கூறுவோம். கோபித்துக்கொண்டாலும் சரி.

நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. தடையும் இருக்கிறது, பையும் இருக்கிறது! பூக்காரம்மா முழப் பூவை எதில் சுற்றித் தருகிறார்? ஓட்டலில் சாம்பாரையும் சட்னியையும் எதில் கட்டித் தருகிறார்கள்? பெற்றோர்களே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். கலியாண வீட்டில் தாம்பூலத்தோடு வாங்கி வந்த மஞ்சள் பைகள் நம் வீட்டுப் பரணில் எத்தனை கிடக்கின்றன? அதில் ஒன்றை மடித்து அப்பாவின் வண்டிப் பெட்டிக்குள் வைக்க எந்தப் பூஞ்சையின் உதவியும் தேவையில்லை. நம் ஆண்டு விழா மேடையில் தெர்மாகோலில் வெட்டிப் பொன்னிறத் தாள் ஒட்டும் எழுத்துகளும் அப்படியே. மறுநாள் காலையில் அவை உடைந்து வெண்முத்துகளாக மைதானமெங்கும் பறக்கின்றன. அட்டையில் வெட்டினால் அழகு குறைந்துவிடுமா?

இவ்வளவு எழுதிய பின், "ஆகையால் இந்தப் பூஞ்சை ஆராய்ச்சியெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று எவரேனும் முடிவு கட்டினால், அதையும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். எங்களுக்குள்ளே இரண்டு கட்சி இருந்தது உண்மை. ஒரு கட்சியினர் குடுவையோடு நின்றுபோகும் வித்தை இது என்றனர். அவர்களுக்கு மற்றக் கட்சியினர் கொடுத்த பதில் பென்சிலின்.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் தம் ஆய்வுத் தட்டில் ஒரு பூஞ்சை பாக்டீரியாக்களைக் கொல்வதைக் கண்டார். கண்டதும் மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. 1941-இல் ஆக்ஸ்போர்டில் முதன்முதலாக ஒரு காவல்துறைக்காரருக்கு அதைக் கொடுத்தபோது அவர் தேறி வந்தார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை, அவர் இறந்துவிட்டார். பூஞ்சை நல்ல பூஞ்சைதான், அதை வளர்க்கும் வித்தைதான் கைவரவில்லை. அந்நாளில் ஆக்ஸ்போர்டில் பூஞ்சையை வளர்ப்பதற்கென்றே இளம்பெண்கள் சிலரை வேலைக்கு அமர்த்தியிருந்தார்கள். படுத்த நோயாளிக்கு வைக்கும் பாத்திரத்தைப் போன்ற மண்கலங்களில், நாள்தோறும் ஊட்டநீர் ஊற்றி, மருந்து நீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களே. பின்னர் அமெரிக்காவில் பியோரியா என்னும் ஊரிலே பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து இன்னும் அதிகமாகச் சுரக்கும் இனம் கிடைத்தது. சோள ஊறல் நீரில், பெரிய தொட்டிகளில் வளர்க்கக் கற்றார்கள். 1944-க்குள் போர்முனைக்கெல்லாம் அனுப்பும் அளவுக்கு மருந்து பெருகிற்று. அதன் மூலக்கூறு அமைப்பை 1945-இல் கண்டு சொன்னவர் டாரத்தி ஹாட்ஜ்கின் என்னும் பெண்மணி. தட்டிலிருந்து தொட்டிக்குப் போகப் பதினாறு ஆண்டு ஆயிற்று. பிளாஸ்டிக் தின்னும் பூஞ்சை இன்னும் தட்டில்தான் இருக்கிறது. தொட்டிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம் பள்ளியிலிருந்து போகக்கூடாது?

எதைத் தின்ன வைக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பையும் உறையும் பூஞ்சைக்கு வேண்டாம். அவற்றை நாமே விட்டுவிட முடியும். விட முடியாதவை சில இருக்கின்றன, பூஞ்சை அவற்றுக்கே வர வேண்டும். பிய்ந்துபோன ஃபோம் மெத்தையை எந்தப் பழைய சாமான்காரரும் ஆசையாக எடுப்பதில்லை. தேய்ந்த காலணியும் அப்படியே. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை இந்த மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. எழுதுங்கள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் மாதந்தோறும் பயன்படுத்தும் நாப்கினைப் பற்றித்தான் சொல்கிறோம். அதன் மேலுறையும் அடியுறையும் பெரும்பாலும் பிளாஸ்டிக். நடுவில் இருப்பது மரக்கூழும் ஈரத்தை உறிஞ்சும் ஒரு செயற்கைப் பொருளும். எங்கள் வகுப்பில் 42 பேர். ஒருத்திக்கு மாதம் 12 என்று வைத்துக்கொண்டாலும் 504. ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல். இது ஒரு வகுப்பின் கணக்கு மட்டுமே. மஞ்சப்பை கொண்டு வா என்பதைப் போல இதை விட்டுவிடு என்று எங்களுக்கு யாரும் சொல்ல முடியாது. துணியைப் பயன்படுத்தலாமே என்று சொல்கிற பெரியவர்கள், துவைத்து வெயிலில் உலர்த்த இடமும் மறைவும் எல்லா வீட்டிலும் இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நம் பள்ளியின் பின்புறத்தில் எரிக்கும் இயந்திரம் இருக்கிறது. அது ஓடும் நாளில் புகை எட்டாம் வகுப்பின் சன்னல் வழியே உள்ளே வருகிறது. இயந்திரம் பழுதான நாளில் அந்தப் பொட்டலங்கள் குப்பை வண்டிக்குப் போகின்றன. அதைக் கையால் பிரிக்கிறவர் நம்மைப் போன்ற ஒரு பெண்ணாகவே பெரும்பாலும் இருக்கிறார். அவர் கையில் உறைகூட இருப்பதில்லை.

இதற்குப் பூஞ்சை உதவுமா? உதவக்கூடும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. மெக்சிகோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில், பயன்படுத்திய குழந்தைத் துணைகளை, அதாவது டயாப்பர்களை, நுண்கிருமி நீக்கி, அவற்றின்மேல் சிப்பிக்காளானை வளர்த்தார்கள். நம் ஊர்க் கடைகளில் பொட்டலமாக விற்கும் அதே சிப்பிக்காளான். இந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. காளான் உள்ளேயிருந்த மரக்கூழைத் தின்றுவிட்டது, பெருங்குவியல் சிறு குவியலாயிற்று. பிளாஸ்டிக் உறை மிஞ்சிற்று. அது போகட்டும், ஈரமும் அசுத்தமும் நீங்கிய உறையை வேறு விதமாகக் கையாளலாமே! 2025-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு கம்பெனி, டயாப்பரோடு பூஞ்சைப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து விற்கத் தொடங்கியிருக்கிறது. அது விற்பவர்கள் கூறும் செய்தி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் குழந்தைகளின் டயாப்பருக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள், பெண்களின் நாப்கினுக்கும் யோசிக்கலாம் அல்லவா? ஆய்வுக்கூடங்களில் பெண்கள் பெருகினால் இந்தக் கேள்வி இன்னும் சீக்கிரம் கேட்கப்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

"பூஞ்சை ஒருவேளை அளவு மீறிப் பெருகி நம் மின்கம்பி உறையையும் தண்ணீர்க் குழாயையும் தின்றுவிட்டால்?" என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். நாளுக்கு அரை கிராம் என்ற கணக்கைச் சொன்னதும் அவள் சமாதானம் அடைந்தாள். அச்சப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தில் சில, நலிந்த உடலுள்ளோரின் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. நிலக்கடலையில் நஞ்சை உண்டாக்குவதும் அந்த இனத்தில் ஒன்றே. 2021-இல் கருப்புப் பூஞ்சை என்ற பெயரைக் கேட்டு நாடே நடுங்கியது நம் பெற்றோர்க்கு மறந்திருக்காது. அது வேறு இனம் என்றாலும், பூஞ்சையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அதுவே போதும். வீட்டில் ரொட்டியைப் பூசணம் பிடிக்கவிட்டு அதில் பாலிதீனைச் சுற்றி வைக்கும் சோதனையை யாரும் செய்ய வேண்டாம். (ஒருத்தி தொடங்கியே விட்டாள். அவள் அம்மா டப்பாவோடு தூக்கி எறிந்துவிட்டார்.)

செய்யக்கூடிய சோதனை ஒன்றை நாங்கள் தொடங்கியிருக்கிறோம். தோட்டத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்திலுள்ள எருக்குழியின் ஓரத்தில், தலைமையாசிரியையின் அனுமதியோடு, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி ஐந்து பொருள்களைக் கொசுவலைத் துணியில் தனித்தனியே கட்டிப் புதைத்திருக்கிறோம். பாலிதீன் பைத்துண்டு, தெர்மாகோல், மெத்தை ஸ்பாஞ்சு, பயன்படுத்தாத நாப்கின் ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வாழையிலைத் துண்டு. புதைக்குமுன் வேதியியல் ஆய்வுக்கூடத் தராசில் ஒவ்வொன்றையும் மும்முறை நிறுத்து, எடையை ஆய்வுக்கூடப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறோம். வலை நைலான். அதைப் பூஞ்சை தின்னாது என்று எண்ணுகிறோம், எனினும் வலையின் எடையையும் தனியே எழுதியிருக்கிறோம். ஒன்பது மாதம் ஆகும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை அணிந்து எடுங்கள். மண்ணைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் எடை கூடித்தான் காட்டும். வாழையிலை இருக்காது, வலை மட்டும் இருக்கும். மற்ற நான்கின் எடையையும் அடுத்த ஆண்டு மலரில் அச்சிட்டுவிடுங்கள்.